கார் விசிலடித்தால் முதலில் டர்போவில் கை வைக்காதீர்கள்

கார் ஓடும்போது எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு விசில் கேட்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். வண்டி டீசல் என்று தெரிந்த அடுத்த நொடி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற ‘டர்போ போயிருக்கும்’ என்று சொல்லிவிடுவார்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். திருநெல்வேலியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நின்ற இடத்திலேயே வைத்து, பானட்டைத் திறந்து, ரெண்டு தடவை ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, டர்போதான். இப்பவே மாத்திருங்க, விட்டா ஆயில இழுத்து இன்ஜினையே காலி பண்ணிரும்” என்றார் அந்த மெக்கானிக். நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்று ஒரு கணக்கும் சொன்னார். நின்ற இடத்தில் இந்தச் சத்தம் வராது, 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால்தான் வரும் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ரோட்டில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கவும் இல்லை. கடைசியில் சத்தம் வந்த இடம் இடது முன் கதவின் ரப்பர் பீடிங், அதாவது கதவு மூடும் இடுக்கை அடைக்கிற ரப்பர் பட்டி. அதைச் சரிசெய்ய ஆன செலவு ஒரு பேப்பர் டேப்பும் ஒரு சிலிகான் கிரீஸ் டியூபும் வாங்கிய காசு, அவ்வளவுதான்.

நாற்பதாயிரம் என்பது பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அதைக் கொடுத்து நல்ல டர்போவைக் கழற்றி எறிந்த பிறகும் விசில் அப்படியே கேட்டிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் நான் பார்த்த முறையை விவரமாக எழுதுகிறேன்.

காற்று ஒரு குறுகிய சந்து வழியாக வேகமாகப் போனாலோ, ஒரு விளிம்பில் மோதிப் பிரிந்தாலோ விசில் வரும். காரில் அப்படிக் காற்று ஓடுகிற இடங்கள் நிறைய. இன்ஜின் உள்ளே இழுக்கிற காற்று, டர்போ அழுத்தித் தள்ளுகிற காற்று, ஏசி ஊதுகிற காற்று, வண்டியைச் சுற்றி வெளியே ஓடுகிற காற்று. அப்புறம் காற்றுக்குச் சம்பந்தமே இல்லாமல் பிரேக்கும் பேரிங்கும் பெல்ட்டும் உரசி ஏறக்குறைய அதே மாதிரி கத்தும். மூடிய காருக்குள் சத்தம் கண்ணாடியிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வேறு எங்கிருந்தோ வருகிற மாதிரி கேட்பதால், காதை மட்டும் வைத்து இதில் ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்வது கஷ்டம். ஆகவே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன்னால், அது எதைப் பின்தொடர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இன்ஜின் சுற்றும் வேகத்தையா, நாம் ஆக்சிலரேட்டரில் கொடுக்கும் அழுத்தத்தையா, சக்கரம் உருளும் வேகத்தையா, வெளியே அடிக்கிற காற்றையா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. இதற்கு ஒரு கருவியும் தேவையில்லை.

இன்ஜினைச் சோதிப்பதுதான் ரொம்பச் சுலபம். காலியான நேர் ரோட்டில் விசில் கேட்கும் வேகத்தில் 5ஆவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே, வேகத்தை மாற்றாமல் 4ஆவது கியருக்கு வர வேண்டும். வண்டி அதே வேகத்தில்தான் போகும், ஆனால் இன்ஜின் கூடுதலாகச் சுற்றும். விசில் இன்ஜினோடு சேர்ந்ததாக இருந்தால் சுருதி சட்டென்று மேலே ஏறிவிடும். என் வண்டியில் இன்ஜின் உறுமல் மட்டும் கூடியது, விசில் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. இதைச் சிலர் நியூட்ரலில் போட்டும் பார்ப்பார்கள். பார்க்கலாம், ஆனால் சாவியை அணைத்துவிட்டுப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், ரெண்டு மூணு மிதிக்குப் பிறகு பிரேக்கும் இறுகிவிடும். கியர் மாற்றிப் பார்ப்பதே போதும்.

டர்போவுக்கு விசில் கிடையாது என்று நான் சொல்லவில்லை. சின்ன டீசல் இன்ஜினில் இருக்கும் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரைக்கும் போகும். நல்ல டர்போவே ஜன்னலைத் திறந்து வைத்தால் லேசாக ஒரு ‘ஊய்’ கொடுக்கும். அதிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ஹோஸில் கீறல் விழுந்தாலோ கிளிப் தளர்ந்தாலோ அழுத்தக் காற்று பீய்ச்சிக்கொண்டு வெளியேறும், அதுவும் விசில்தான். ஆனால் அந்த விசில் நாம் மிதிக்கும்போது வரும், காலை எடுத்தவுடன் நின்றுவிடும். மேட்டில் ஏறும்போது கூடும். அதோடு வண்டி இழுவை குறைந்திருக்கும், பின்னால் கறுப்புப் புகை தள்ளும், கசிகிற இணைப்பில் கை வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். என் வண்டியில் இதில் ஒன்றுமே இல்லை. மிதித்தாலும் விட்டாலும் சத்தம் ஒன்றுதான், இழுவையில் குறையில்லை, மைலேஜும் மாறவில்லை. உங்களுக்கு இந்த அறிகுறிகள் இருந்தால்கூட முதலில் ஹோஸையும் கிளிப்பையும்தான் பாருங்கள், அவை டர்போவின் விலையில் ஒரு துளிதான்.

அடுத்தது சக்கரம். பிரேக் பேடில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து 2, 3 மி.மீ. அளவுக்கு வந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிட ஆரம்பிக்கும், மாற்றச் சொல்லி எச்சரிப்பதற்காகவே வைத்தது. பிரேக்கை லேசாகத் தொட்டால் அந்தச் சத்தம் மாறும் அல்லது நிற்கும். டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவில் ஒரு பொடிக்கல் மாட்டினாலும் இதே கதை. வீல் பேரிங் போயிருந்தால் அது விசிலாக இல்லாமல் ‘உம்ம்’ என்று முனகும், வளைவில் வண்டியின் எடை ஒரு பக்கம் சாயும்போது கூடிக் குறையும். இவை எல்லாம் 40இல் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூடும். என்னுடையது 80 வரைக்கும் மூச்சு விடாது, தாண்டியதும் திடீரென்று கிளம்பும். பிரேக்கைத் தொட்டும் பார்த்தேன், மாறவில்லை.

ஆக மிச்சம் இருந்தது வெளிக்காற்று. இதை உறுதிசெய்ய எங்கள் ஊருக்கு இருக்கிற வசதி வேறு எந்த ஊருக்கும் இல்லை என்றே சொல்வேன். நான் அடிக்கடி போகிற வழி திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு, அங்கிருந்து திரும்பி ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவில். மே மாசம் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் இடைவெளி வழியாகப் பாய்ந்து வரும், முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதற்காகத்தான். ஆடி மாசத்தில் அந்த ரோட்டில் ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். காவல்கிணற்றிலிருந்து மேற்கே திரும்பினால் காற்று நேராக முகத்தில் அறையும். அங்கே என் வண்டி 60இலேயே விசிலடிக்க ஆரம்பித்தது. வரும்போது அதே இடத்தில், காற்று முதுகுக்குப் பின்னால் இருக்க, 90 போனாலும் சத்தமில்லை. சக்கரத்துக்கோ இன்ஜினுக்கோ காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரியாது. போகும்போது கத்தி வரும்போது அடங்குகிற சத்தம் காற்றுச் சத்தம்தான், அதில் எனக்கு அதற்குப் பிறகு சந்தேகமே இல்லை.

ஸ்பீடோமீட்டர் 80 காட்டினாலும் எதிர்க்காற்று 40 அடித்தால் வண்டியின் உடம்புக்கு அது 120தான். காற்று உரசுவதால் வரும் இரைச்சலின் ஆற்றல் ஏறக்குறைய வேகத்தின் ஆறாம் அடுக்காக உயரும் என்பது ஒலியியலில் நிறுவப்பட்ட கணக்கு. வேகம் இருமடங்கானால் ஆற்றல் 64 மடங்கு, அதாவது 18 டெசிபல். ஊருக்குள் ஒன்றும் கேட்கவில்லை, பைபாஸில் மட்டும் கேட்கிறது என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் காரணம்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். நாங்குநேரியிலிருந்து வள்ளியூர் போகும்போது ரோடு தெற்கே போகும், மேற்குக் காற்று வலது பக்கம், அதாவது ஓட்டுகிறவர் பக்கம் வந்து மோதும். அப்படியானால் சத்தமும் வலது பக்கம்தானே வர வேண்டும்? ஆனால் முன்னால் உட்கார்ந்திருந்த என் மச்சினன், “அத்தான், இது என் பக்கந்தான் கேக்குது” என்றான். காற்று மோதாத பக்கம். யோசித்துப் பார்த்தால் சரிதான். முன் கண்ணாடியின் ஓரத்தில் நிற்கிற தூணைச் சுற்றிக் காற்று வளைந்து பின்னால் போகும்போது சுழல் ஒன்று உருவாகும், அந்தச் சுழலுக்குள் அழுத்தம் குறைவு. காற்று ஒரு பக்கமாக அடிக்கும்போது இந்தச் சுழல் மறுபக்கத்தில்தான் வலுவாகும். காருக்குள்ளே அழுத்தம் கூடுதல், கதவுக்கு வெளியே குறைவு, ஆகவே கதவின் மேல் ஃபிரேம் வெளியே இழுபடும். 100 கி.மீ. வேகத்தில் ஓடும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ எடைக்குச் சமம் என்று கணக்குப் போட்டால் வருகிறது. முன் தூணை ஒட்டிய இடத்தில் இழுவையும் சற்றேறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும். கண்ணாடியைத் தாங்குகிற மெல்லிய ஃபிரேம் அதற்குக் கொஞ்சம் அசையத்தான் செய்யும், நல்ல பீடிங் அந்த அசைவோடு சேர்ந்து விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பீடிங் சரியாக உட்காராத இடத்தில் ஒரு நூல் அளவு சந்து திறக்கும், உள்ளே இருக்கிற காற்று அதன் வழியாக வெளியே ஓடும். உதட்டைக் குவித்து ஊதினால் எப்படி விசில் வருமோ அப்படி.

மச்சினனிடம் கதவின் மேல் மூலையை உள்ளங்கையால் பிடித்து உள்பக்கமாக இழுக்கச் சொன்னேன். விசில் நின்றது. விட்டான், மறுபடி வந்தது. “அத்தான், புடிச்சா நிக்குது, விட்டா கத்துது” என்று அவனே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். இந்த வேலைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். ஓட்டிக்கொண்டே அந்தப் பக்கம் சாய்ந்து காது கொடுப்பது ஆபத்து, அதைச் செய்யாதீர்கள்.

அத்தோடு விடாமல் டேப் சோதனையும் செய்தேன், ஏனென்றால் அந்த மூலையில் சைடு மிரரும் முன் கண்ணாடியின் ஓரப் பட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, எது குற்றவாளி என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். பெயிண்டர்கள் ஒட்டுகிற பேப்பர் டேப்தான் இதற்குச் சரி. பார்சல் ஒட்டும் பிரவுன் டேப்பை வெயிலில் காய்ந்த வண்டியில் ஒட்டினால் பசை உரிந்து வராது. முதலில் கூரை ஆன்டெனாவைத் திருகிக் கழற்றி வைத்துவிட்டேன், ஒரு நிமிட வேலை. மெல்லிய கம்பியைக் காற்று கடக்கும்போது பின்னால் மாறி மாறிச் சுழல்கள் பிரியும், அதனால் ஒரு நிலையான சுருதி பிறக்கும். இதை 1878இல் செக் நாட்டு இயற்பியலாளர் வின்சென்ட்ஸ் ஸ்ட்ரௌஹால் ஆராய்ந்து எழுதினார். காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து 0.2ஆல் பெருக்கினால் அதிர்வெண் கிடைக்கும். 5 மி.மீ. கம்பிக்கு 80 கி.மீ. வேகத்தில் 900 ஹெர்ட்ஸ் பக்கம், நல்ல விசில் அது. ஆன்டெனாக்களில் மேலிருந்து கீழே சுருள் மாதிரி ஒரு கம்பி சுற்றியிருக்கிறதே, அது அழகுக்கு இல்லை, இந்தச் சுழல்கள் ஒரே சீராகப் பிரியாமல் கலைப்பதற்கு. கேரியர் வைத்திருக்கிறவர்கள், மழைக்காகக் கதவில் வைசர் ஒட்டியிருக்கிறவர்கள் முதலில் அவற்றைச் சந்தேகப்படலாம். வைசரின் ஒரு முனை பசை விட்டுத் தூக்கியிருந்தால் போதும்.

என் வண்டியில் ஆன்டெனா இல்லாமலும் சத்தம் வந்தது. மிரரைச் சுற்றி ஒட்டினேன், வந்தது. முன் கண்ணாடியின் ஓரத்தை ஒட்டினேன், வந்தது. மச்சினனை உள்ளே உட்கார வைத்துக் கதவின் மேல் இடைவெளியை வெளியிலிருந்து முழுக்க ஒட்டினேன், சுத்தமாக நின்றுவிட்டது. அப்புறம் பின்னாலிருந்து முன்னால் துண்டு துண்டாக உரித்துக்கொண்டே ஓட்டியதில், மிரருக்கு மேலே உள்ள மூலைத் துண்டை எடுத்தவுடன் விசில் திரும்பி வந்தது. ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தை மாற்றாதீர்கள், இதில் பொறுமைதான் எல்லாம்.

வீட்டுக்கு வந்து ஒரு நீளமான காகிதத் துண்டைக் கதவின் இடுக்கில் வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பார்த்தேன். நல்ல இடங்களில் காகிதம் பிடித்துக்கொண்டு வரும், அந்த மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. பீடிங்கில் சாக்குக்கட்டியைத் தேய்த்துக் கதவை மூடித் திறந்தபோது எல்லா இடத்திலும் கதவில் வெள்ளைக் கோடு பதிந்திருந்தது, அங்கே மட்டும் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு இல்லை. காரணமும் அப்போது புரிந்தது. கொஞ்ச காலம் முன்பு ஒரு ஆட்டோ உரசியதில் அந்தக் கதவுக்கு டிங்கரிங், பெயிண்டிங் நடந்தது. பெயிண்ட் அடிக்கப் பீடிங்கை உருவியவர்கள் திரும்ப மாட்டும்போது வளைவில் முழுதாக அழுத்தவில்லை, ரப்பரின் உதடு போன்ற விளிம்பு உள்பக்கமாக மடிந்து கிடந்தது.

சரிசெய்ததில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பீடிங்கை அந்த மூலையைச் சுற்றி உருவி, பள்ளத்தில் இருந்த பழைய பெயிண்ட் தூசியையும் மண்ணையும் ஈரத் துணியால் துடைத்தேன். பீடிங்கின் உள்ளே ஒரு மெல்லிய இரும்புப் பட்டை இருக்கும், அதுதான் தகட்டைக் கவ்விப் பிடிப்பது. உருவியதில் அது விரிந்து போயிருந்ததால் விரலால் லேசாக நெருக்கிவிட்டு, வளைவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் கை முஷ்டியால் தட்டித் தட்டி உட்கார வைத்தேன். நடுவிலிருந்து தொடங்கினால் மூலையில் ரப்பர் இழுபட்டு மறுபடி அதே பிரச்சினை வரும். இதிலேயே 100 வரைக்கும் சத்தம் போய்விட்டது. முப்பந்தல் காற்றில் மட்டும் லேசாக இருந்தது. அதற்கு ஸ்ட்ரைக்கரை, அதாவது கதவு போய்ப் பூட்டிக்கொள்கிற கொக்கியை, ஒரு மி.மீ. உள்ளே தள்ளினேன். ஸ்க்ரூவைத் தளர்த்தும் முன் பழைய இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கதவு சரியாக மூடாமல் அல்லாட வேண்டியிருக்கும். ஃபிரேமே வளைந்திருந்தால் அது டிங்கரிங் தெரிந்த ஆள் கையால் செய்ய வேண்டியது, நாம் முட்டி கொடுத்து வளைத்துப் பார்க்கக் கூடாது.

கடைசியாகச் சுற்றிலும் சிலிகான் கிரீஸ் தடவினேன். இங்கே ஒரு வேண்டுகோள். ரப்பர் காய்ந்துவிட்டது என்று இன்ஜின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ சாதாரண கிரீஸையோ தடவாதீர்கள். கதவு பீடிங்குக்குப் பெரும்பாலும் பயன்படுத்துவது இ.பி.டி.எம். என்கிற ரப்பர். வெயிலையும் மழையையும் தாங்கும், ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பொதபொதவென்று ஆகிவிடும். கொஞ்ச நாள் பளபளப்பாக இருக்கும், அப்புறம் பீடிங் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான்.

இதைக் கேட்ட மதுரை அக்கா தன் பெட்ரோல் வண்டியிலும் விசில் வருகிறது, கதவைப் பார்க்கட்டுமா என்று போன் செய்தாள். “எப்பக்கா வருது?” என்று கேட்டேன். “சிக்னல்ல நிக்கும்போதுதான் தம்பி, வண்டிய எடுத்து மிதிச்சா காணோம்” என்றாள். அது கதவே கிடையாது. பெட்ரோல் இன்ஜின் ஐடிலில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும்போது, காற்று உள்ளே போகிற இன்டேக் மேனிஃபோல்டு குழாயில் உறிஞ்சல் அதிகம், மிதித்தால் குறைந்துவிடும். அந்த உறிஞ்சல் எங்கோ ஒரு ஓட்டை வழியாக வெளிக்காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் ஓடும்போதே, ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை லேசாக உருவிப் பார்க்கச் சொன்னேன், ஃபேன், பெல்ட் பக்கம் துப்பட்டாவோ கையோ போகாமல். உருவியவுடன் விசில் நின்றுவிட்டது. அப்படியானால் பி.சி.வி. வால்வில் இருக்கும் ரப்பர் ஜவ்வு கிழிந்திருக்கிறது. இன்ஜினுக்குள் சேரும் புகையை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புகிற வால்வு அது. கிழிந்தால் அதன் மூச்சுத் துளை வழியாகக் காற்று உள்ளே போய் விசிலடிக்கும், ஐடில் தடுமாறும், விட்டால் செக் இன்ஜின் விளக்கும் எரியும். சில வண்டிகளில் அந்த ஜவ்வு வால்வு கவரோடு சேர்ந்தே வரும், தனியாகக் கிடைக்காது. அக்கா வண்டிக்குத் தனியாகவே கிடைத்தது, அவள் வழக்கமாக விடுகிற மெக்கானிக் மதியத்துக்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார்.